ஆர்.சி.யில் ஒரு எண், எஞ்சினில் வேறு எண்: பழைய அம்பாசிடருக்கு என்ன வழி?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பூர்வீக வீட்டுக் கொட்டகையில், தாத்தா 1958-ல் வாங்கிய அம்பாசிடர் நிற்கிறது. அதை மறுபடி ஓட வைக்க ஆசை. எஞ்சினில் மூன்று இடங்களில் எண்கள் தெரிகின்றன. ஒன்றுகூட ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. "தேய்த்துவிட்டு, ஆர்.சி.யில் உள்ள எண்ணையே பஞ்ச் பண்ணிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். எஞ்சின் எண்ணை அழிப்பதும் மாற்றி அடிப்பதும் குற்றம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் திருட்டு வண்டிக்குச் செய்கிற வேலையும் இதுவும் பார்வைக்கு ஒன்றுதான். ஆர்.சி.யில் இருக்கும் பிழையை முறைப்படி திருத்திக்கொள்ளலாம். தேய்த்த இரும்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

முதலில், நீங்கள் பார்த்த மூன்று எண்களில் எது எஞ்சின் எண் என்று பிரித்துக்கொள்வோம். இரும்பிலிருந்து புடைத்து நிற்கும் எண் வார்ப்பு எண். ஒரே அச்சில் வார்த்த எல்லா பிளாக்குகளிலும் அதே எண் இருக்கும். அதனால் வண்டியின் அடையாளத்துக்கு அது உதவாது. அம்பாசிடருக்கு மூலமான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின் குடும்பத்தில் 12எச் என்று தொடங்கும் புடைத்த எண்கள் நிறைய உண்டு; அவற்றை எஞ்சின் எண் என்று எழுதிக்கொண்டு போகிறவர்களும் நிறைய. உங்களுக்கு வேண்டியது உள்ளே பதிந்திருக்கும் எண். பிளாக்கில் சமமாகச் சீவிவிட்ட சின்ன மேடையிலோ, ரிவெட் அடித்த தகட்டிலோ அதைத் தேடுங்கள். வால்வுகள் மேலே இருக்கும் பி.எம்.சி. எஞ்சினாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது டைனமோவும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கும் வலது பக்கம், அதாவது டிரைவர் பக்கம்.

தகடு இருந்தால் அதன் ரிவெட்டைக் கவனியுங்கள். தகடு ஒரு எஞ்சினிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடியது. ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் புது ஸ்க்ரூ இருந்தால், அந்தத் தகட்டை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. இந்த இடத்தில்தான் பலர் எண்ணைக் கெடுத்துவிடுகிறார்கள். கிரைண்டர், உப்புத்தாள், இரும்புக் கம்பி பிரஷ் மூன்றும் பக்கத்தில்கூட வரக் கூடாது. எண் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெயால் நனைத்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பிறகு நைலான் பிரஷ்ஷாலோ பித்தளை பிரஷ்ஷாலோ மெதுவாகத் தேயுங்கள். மேலே பெயின்ட் இருந்தால் பெயின்ட் ரிமூவர் போதும். பொதிகைச் சாரல் அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சுத்தம் செய்த வெற்று இரும்பு சீக்கிரமே துருப் பிடிக்கும். வேலை முடிந்ததும் லேசாக எண்ணெய் தடவிவிடுங்கள். படமும் பென்சில் பிரிண்டும் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

படம் எடுக்கும்போது டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். ஒரு பக்கம் சரியாகத் தெரியாவிட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து அடியுங்கள். சாக்பீஸ் பொடியைத் தடவி மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கும். அப்புறம் மெல்லிய தாளை வைத்து, இன்ஷூரன்ஸுக்கு சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண் எடுப்பதுபோலவே பென்சில் பிரிண்ட் எடுங்கள். கண்ணுக்கு 8 ஆகத் தெரிந்தது பிரிண்டில் 3 ஆக வருவது உண்டு.

இப்போது ஆர்.சி.யை எடுங்கள். அந்தக் காலத்து ஆர்.சி. கையால் எழுதியது, கைமாறும்போதும் புதுப் புத்தகம் போடும்போதும் பார்த்து எழுதியவர்கள் 1-ஐ 7 என்றும், 5-ஐ எஸ் என்றும், 0-ஐ ஓ என்றும் எழுதியிருக்கலாம். ஓரிரு எழுத்து மட்டும் வேறுபட்டால் அது எழுத்துப் பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முழு எண்ணும் வேறாக இருந்தால் எஞ்சினே மாறியிருக்கலாம்.

உங்கள் வண்டியின் வயதைப் பார்த்தால் இரண்டாவதுதான் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. 1958 அம்பாசிடர் 1476 சி.சி. சைடு வால்வு (வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும்) எஞ்சினோடு வந்த வண்டி. 1489 சி.சி. ஓ.எச்.வி. எஞ்சின், அதாவது வால்வுகள் மேலே இருக்கும் பி.எம்.சி. எஞ்சின், 1959-ல்தான் வந்தது. பானெட்டைத் திறந்தால் எண் தேடாமலேயே இது தெரிந்துவிடும். எஞ்சின் தலைமேல் தகர மூடி போட்ட ராக்கர் கவரும், அதில் ஆயில் ஊற்றும் மூடியும் இருந்தால் அது ஓ.எச்.வி. தலை தட்டையாக இருந்து, ஸ்பார்க் பிளக்குகள் மேலே நேராக நின்றால் பழைய சைடு வால்வு. ஆர்.சி.யில் சி.சி. எழுதியிருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். பிற்காலத்தில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிய அம்பாசிடர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ ஓடின. தாத்தா எஞ்சினை மாற்றி, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

வேறு யாரோ எண்ணில் கை வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அந்தச் சீவிய மேடையில் இயந்திரம் விட்ட மெல்லிய இணைகோடுகள் இருக்கும். கோடுகள் சுற்றிலும் இருந்து எண்ணுக்கு அடியில் மட்டும் காணாமல் போயிருந்தால், அந்த இடம் கொஞ்சம் குழிந்திருந்தால், சந்தேகப்பட வேண்டியதுதான். எழுத்துகள் ஏறி இறங்கி, சாய்ந்து இருப்பதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். ஒவ்வொரு எழுத்தாகச் சுத்தியலால் கையில் அடித்த காலத்து எண் கோணலாக இருப்பது இயல்பு.

சேசிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று உடனே பாருங்கள். வண்டியின் அடையாளம் அதில்தான் இருக்கிறது. அது சரியாக இருந்தால் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்தது. எஞ்சின் மாற்றம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் வரும். உங்கள் பகுதிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சில் பிரிண்ட், படங்கள், எஞ்சின் வாங்கிய ரசீது கிடைத்தால் அது, எல்லாவற்றையும் வைத்து உண்மையைச் சொல்லி விண்ணப்பியுங்கள். ரசீதுக்காகத் தாத்தாவின் பழைய கணக்குப் புத்தகங்களையும் புரட்டுங்கள். கொட்டகை, நெல் அறை, பின்கட்டு எல்லாம் தேடிப் பாருங்கள். இறக்கி வைத்த சைடு வால்வு எஞ்சின் ஒரு மூலையில் கிடந்தால், ஆர்.சி. எண் அதில் இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

ஏனென்றால் 2021-ல் வந்த விதியின்படி, முதல் பதிவாகி 50 வருடத்துக்கு மேல் ஆன கார், சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருந்தால் விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரை தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. பாபநாசத்துக்கும் அம்பைக்கும் அடிக்கடி ஓட்டிப் போக வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், விண்டேஜ் பதிவு வேண்டாம். இப்போது இருக்கிற எஞ்சினை ஆர்.சி.யில் ஏற்றி, சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.