கணினி கேள்வி – பதில்: கேட்காமல் குடியேறியவை

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேத்தியின் காதுகுத்து வீடியோவைப் பென்டிரைவில் கொடுத்தார்கள். லேப்டாப்பில் ஓடவில்லை. விஎல்சி போட்டால் ஓடும் என்று மருமகன் போனில் சொன்னார். கூகுளில் தேடி, முதலில் வந்ததை இறக்கிப் போட்டேன். வீடியோ ஓடியது. ஆனால் அன்றிலிருந்து குரோமைத் திறந்தால் பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடுபொறி வருகிறது. 'உங்கள் கணினியில் 1,312 பிழைகள்' என்று தினமும் ஒரு பெட்டி வந்து பணம் கட்டச் சொல்கிறது. சர்வீஸ் கடையில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்கிறார்கள். என் கவனக்குறைவால் லேப்டாப் வீணாகிவிட்டதா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: ஐயா, லேப்டாப் வீணாகவில்லை. பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். குக்கீ, தற்காலிகக் கோப்பு, ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய பதிவு என்று ஒரு தொல்லையும் தராதவற்றையெல்லாம் 'பிழை' என்று கூட்டி, பெரிய எண்ணாகக் காட்டிப் பயமுறுத்துவது இந்த வகை மென்பொருள்களின் வழக்கம்.

கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்தான் வருத்தமாக இருந்தது. தென்காசியில் 14 வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தியவள் நான். 2012-இல் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால், விண்ணப்பங்களைப் பிடிஎஃப் ஆக்க ஒரு மென்பொருளை ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து எடுத்து, எட்டு கணினியிலும் போட்டேன். வேலை அவசரம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். மறுநாள் காலை எட்டிலும் பிரவுசருக்கு மேலே மூன்று மூன்று டூல்பார், அதாவது கேட்காமல் ஒட்டிக்கொண்ட பட்டன் பட்டைகள். எதைத் திறந்தாலும் விளம்பரப் பக்கம் குறுக்கே வந்து நின்றது. அன்று இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அப்புறம் அதே மென்பொருளை மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு திரையாக நிறுத்திப் படித்தேன். மூன்றாவது திரையின் அடியில், பொடி எழுத்தில், ஏற்கெனவே டிக் போட்டே வைத்திருந்தார்கள். படிக்காமல் போக வேண்டும் என்றே அமைத்த திரை அது. பழக்கப்பட்ட எனக்கே கண்ணில் படவில்லை. உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டியதே இல்லை.

விஎல்சி நல்ல மென்பொருள். பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய வேலை. இன்று வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை வெளியிடுகிறது. அதற்குள் டூல்பார் எதுவும் கிடையாது. அதை எடுத்து, மேலே வேறு யாரோ சுற்றிய பொட்டலத்தைத்தான் நீங்கள் இறக்கியிருக்கிறீர்கள். கூகுளில் உச்சியில் வருவது பல நேரம் விளம்பரம். 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக எழுதியிருக்கும். அதைத் தாண்டிக் கீழே வந்து, முகவரியில் வீடியோலேன் டாட் ஆர்க் என்று இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

இப்போது சுத்தம் செய்வோம். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், பட்டியலைத் தேதி வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். விஎல்சி போட்ட அதே நாளில் கூடவே வந்தவை அடுத்தடுத்து நிற்கும். நீங்கள் போடாதவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். 'போகாதீர்கள், பாதி விலை' என்றெல்லாம் கெஞ்சும், விட்டுவிடாதீர்கள். அந்த விஎல்சியையும் எடுத்துவிட்டு, பிறகு சரியான இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். அடுத்து குரோம் செட்டிங்ஸில் 'ரீசெட்'. புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். தேடுபொறி பழையபடி ஆகும், எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் ஒட்டிக்கொண்ட கூடுதல் நிரல்கள், அணைந்துவிடும். கடைசியாக இப்படி ஒட்டி வந்தவற்றைத் தேடி நீக்கும் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனரை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி ஒரு தடவை ஓடவிடுங்கள். இலவசம்தான்.

அந்தப் பெட்டி திரையின் வலது மூலையில் வந்து, அதில் குரோம் என்ற பெயரும் இருந்தால், அது மென்பொருளே அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது 'அலவ்' கொடுத்திருப்போம். குரோம் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பட்டியலுக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் போதும். இதற்காக ஃபார்மட் செய்து வீட்டுப் படங்களையெல்லாம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனையும் செய்து பார்த்தும் போகவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போங்கள். போகுமுன் காதுகுத்து வீடியோவையும் மற்றப் படங்களையும் வேறு டிரைவில் எடுத்து வையுங்கள்.

இனி எதைப் போட்டாலும், 'எக்ஸ்பிரஸ்', 'ரெகமண்டட்' என்பதை விட்டுவிட்டு 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' எடுங்கள். ஒளித்து வைத்த டிக் எல்லாம் அங்கேதான் தெரியும். நடுவில் இன்னொரு ஒப்பந்தம் வந்து 'அக்ரீ' கேட்டால், மேலே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் தேடிவந்த மென்பொருளின் பெயர் இல்லை என்றால் 'டிக்ளைன்' அழுத்துங்கள். டிக்ளைன் செய்தால் எல்லாமே நின்றுவிடும் என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. பெரும்பாலும் நிற்காது, அந்த இலவச இணைப்பு மட்டும் கழன்றுகொள்ளும். டிக்ளைனையும் 'ஸ்கிப்'பையும் சாம்பல் நிறத்தில் மங்கலாக, அழுத்த முடியாதது போல வைத்திருப்பார்கள். அழுத்திப் பாருங்கள், வேலை செய்யும்.

இன்னொன்று. நிறுவும்போது திரை மங்கி 'எஸ்', 'நோ' கேட்கும் அல்லவா? அங்கே வெளியிட்டவர் பெயர் இருக்கும். விஎல்சி என்றால் வீடியோலேன் என்று வர வேண்டும். வேறு பெயர் இருந்தால் 'நோ'. கோப்பின் அளவும் காட்டிக்கொடுக்கும். விஎல்சி சுமார் 40 எம்பி வரும். ஒரே ஒரு எம்பியில் 'டவுன்லோடர்' வந்தால் சந்தேகப்படுங்கள். குரோம் மாதிரி சில நல்ல மென்பொருள்களும் சின்னக் கோப்பாகத்தான் வரும் என்பதால், அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: அக்கா, இப்படிக் கூடவே ஒட்டி அனுப்புவதால் யாருக்கு என்ன லாபம்? ஓப்பன் சோர்ஸ் என்றால் பயமில்லாமல் போடலாம்தானே?
– பொறியியல் மாணவி, கோவை

பதில்: லாபம் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கிறது. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கணினியில் ஒட்டிவிட்டால், ஒட்டச் சொன்ன நிறுவனத்திடமிருந்து 10 சென்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை கைமாறுகிறது என்று கண்டார்கள். இந்த வகை மென்பொருள்களுக்காக மட்டும் கூகுளின் பாதுகாப்புச் சேவை வாரத்துக்கு 6 கோடிக்கும் மேல் எச்சரிக்கை காட்டியது. வைரஸ் வகைகளுக்குக் காட்டியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா மென்பொருள் பல வருடம் ஆஸ்க் என்ற தேடுபொறியின் டூல்பாரோடுதான் வந்தது.

ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தது, என்பதால் மட்டும் பயம் போய்விடாது தங்கச்சி. கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருள் முழுக்க ஓப்பன் சோர்ஸ். அதன் விண்டோஸ் பதிப்பு சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற பதிவிறக்கத் தளத்தில் இருந்தது. அங்கே ஏமாற்றும் விளம்பரங்களும் ஒட்டு மென்பொருளும் வரத் தொடங்கியதால் 2013-இல் கிம்ப் குழு வெளியேறியது. 2015-இல் பார்த்தால், அவர்கள் விட்டுப்போன பக்கத்தை அந்தத் தளமே கையில் எடுத்து, விளம்பரம் சுற்றிய பொட்டலமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது! பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகே நிறுத்தினார்கள். 2016-இல் தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள் அந்த ஒட்டுத் திட்டத்தையே மூடினார்கள். சம்பளம் வாங்காமல் ஊருக்காக எழுதிய நிரல் அது. அதன் நல்ல பெயரை வைத்து இப்படிச் சம்பாதித்தார்களே என்று எனக்கு இன்றும் கோபம் வரும். ஆகவே என்ன மென்பொருள் என்பதோடு, எந்த வாசல் வழியாக வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

நிறைய மென்பொருள் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்றால் நைனைட் தளம் நல்லது; டூல்பாருக்கெல்லாம் அதுவே 'வேண்டாம்' சொல்லிவிடும். உன்னைப் போன்றவர்கள் மென்பொருளைத் தட்டச்சுக் கட்டளையால் நிறுவ விண்டோஸிலேயே இருக்கும் விங்கெட்டைப் பழகிக்கொள்ளலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்' என்ற இடத்தில், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடு. ஹாஸ்டலில் பென்டிரைவ் வழியாகக் கைமாறி வரும் செட்டப் கோப்புகளை மட்டும் தொடாதே.

கேள்வி: மேடம், ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் தமிழில் வர ஒரு மென்பொருள் வேண்டும். தேடினால் பத்துத் தளம் வருகிறது. எது பாதுகாப்பானது?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: எதையுமே இறக்க வேண்டாம். விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து தமிழ் அஞ்சல், தமிழ் 99 இரண்டு விசைப்பலகையும் விண்டோஸுக்குள்ளேயே வருகின்றன. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'லாங்குவேஜ்' போய்த் தமிழைச் சேர்த்து, 'ஆப்ஷன்ஸ்' திறந்து, 'ஆட் எ கீபோர்டு' அழுத்தித் தமிழ் அஞ்சலைத் தேர்ந்தெடுங்கள்; நீங்கள் கேட்டபடி ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வருவது அதுதான். பிறகு விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே ஸ்பேஸ் தட்டினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.