வக்கீல் வரட்டும், ஆனால்...

கேள்வி: அக்கா, மழைக்காலத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து நிவாரண முகாம்களுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து அரிசி, துணிமணி கொண்டுபோகிறோம். அங்கே பெண்களுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் என்ன செய்வது என்று எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஒரு வக்கீலைக் கூப்பிட்டு அரை நாள் சட்டம் பேசச் சொன்னால் போதுமா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: வக்கீலுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், அது போதும். மீதி நேரத்தில் உங்கள் ஆட்கள் கேள்வி கேட்காமல் இருக்கப் பழகட்டும். ஒரு பெண் அழுதால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு யாரு, எப்போ, நீ ஏன் அங்கே போனே என்று துருவுவதுதானே நம் ஊர் வழக்கம்? விசாரணை போலீஸ் வேலை. "இப்போ உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை மட்டும் கேட்கட்டும். இதை ஜோடி ஜோடியாக உட்கார வைத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குத் தனியார் ஆஸ்பத்திரி உட்பட எல்லா ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், ஆனால் அவர்கள் போலீசுக்கும் சொல்லிவிடுவார்கள். இதை ஜீப்பில் ஏறும் முன்பே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம். தாமதமும் கூடாது: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத் தடை மாத்திரைக்கு அதிகபட்சம் 5 நாள்.

நம் பக்கத்துக்கே உரிய தலைவலி, எல்லை. சம்பவம் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், பெண் மலை இறங்கி வந்தது தமிழ்நாட்டுக் கம்பத்துக்கு என்றால், "எங்க லிமிட் இல்லம்மா" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்ப முடியாது; எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கையைப் போட்டு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. அப்புறம் மொழி. முகாம் அதிகாரி மலையாளம், எஸ்டேட் பெண் தமிழ், உடனே பக்கத்தில் நிற்கிற அத்தையையோ மாமாவையோ மொழிபெயர்க்கச் சொல்வார்கள். தப்பு செய்தவரே அந்த மாமாவாக இருந்தால்? இரண்டு மொழியும் தெரிந்த, சொந்தமில்லாத ஒரு பெண்ணை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணோடு, தேனி, இடுக்கி இரண்டிலும் உள்ள, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சேவை மையத்தின் (ஒன் ஸ்டாப் சென்டர்) எண்ணையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் நடந்த பிறகு. நடக்காமல் பார்க்க, அரிசி மூட்டையோடு நாலு தாழ்ப்பாளும் எல்.இ.டி. பல்பும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுபோங்கள், ஏனென்றால் முகாம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில், கக்கூஸ் மைதானத்தின் கோடியில், இருட்டில். ஸ்பியர் என்கிற சர்வதேச நிவாரண அளவுகோல் 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்கிறது. நம் முகாம்களில் அதற்கு வழியில்லை, தாழ்ப்பாளாவது இருக்கட்டுமே.

கேள்வி: ஜீப் ஓட்டுகிற பையன்களையும் பயிற்சிக்குக் கூப்பிட வேண்டுமா? கூச்சப்படுகிறார்கள்.
– அதே வாசகி

பதில்: அவர்களைத்தான் முதலில். ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவர்கள்தானே? கூடவே ஒரு பெண்ணையும் வண்டியில் ஏற்றுங்கள். தார்ப்பாய்க்கு டோக்கன் கொடுக்கிறவர் அதைக் காட்டி ஒரு பெண்ணைப் படிய வைக்கப் பார்த்தால், அவர் உங்கள் குழுவில் எவ்வளவு வேண்டப்பட்டவரானாலும் அன்றைக்கே வெளியே அனுப்பப்படுவார் என்பதையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.