கால்சியம் டப்பா: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பத்து ஆண்டுகளாக உங்கள் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். திருச்சிக்கு அருகில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன், வயது 36. அப்பா இறந்து ஓராண்டு கடந்த பின்னும் காலையில் எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடாக இருந்ததால், சென்ற ஆண்டு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை 10 மில்லிகிராம் கொடுத்தார். ஐந்தாறு வாரங்களில் வகுப்பில் பழையபடி பேசவும் சிரிக்கவும் முடிந்தது. கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியார் கண்ணில் படக்கூடாது என்று மாத்திரைகளைக் கால்சியம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் காரைக்குடியில் உறவினர் திருமணம். ஐந்து நாட்கள் ஒரே அறையில் எல்லோருடனும் தங்க வேண்டியிருந்ததால் மாத்திரையை எடுத்துச் செல்லவில்லை. மூன்றாம் நாள் தலை சுற்றியது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்தது போலிருந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. ஊர் திரும்பி மாத்திரையைப் போட்டதும் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. "பார்த்தாயா, அடிமையாகிவிட்டாய்" என்கிறார் கணவர். "மன அழுத்தம் எனக்கும்தான் இருக்கிறது, நான் மாத்திரையா போடுகிறேன்?" என்றும் கேட்கிறார். மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு என்ற கதையே பொய் என்று ஒரு காணொளியையும் அனுப்பினார்.

நீங்களும் ஒரு பழைய கட்டுரையில், துயரத்தை மருந்தால் ஆற்றிக்கொள்கிறவன் தன்னையே இழக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போது வகுப்பில் சிரிப்பது நான்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கணவரின் காணொளியைவிட அது உங்களுக்கு அதிகத் தீங்கு செய்திருக்கிறது. அதை எழுதிய காலத்தில் நானே எட்டு மாதங்கள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, ஒரு நாவலை முடிக்க வேண்டும் என்ற வெறியில், மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தியிருந்தேன். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாவலும் வரவில்லை, நான்கு மாதங்கள் எழுதியிருந்த முப்பது பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். தோல்வியைத் தத்துவமாக்கிக்கொள்வது எழுதுகிறவனுக்கு எளிது. அந்த வரியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் அடிமையாகிவிட்டீர்களா என்ற கேள்விக்கு, நான் மருத்துவன் அல்லன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். எஸ்சிட்டாலோபிராமின் அளவு நம் இரத்தத்தில் ஏறத்தாழ 30 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் ஐந்தாம் நாள் முடிவில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். கணக்கு ஆசிரியையான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் மருந்துக்குப் பழகிய நரம்பு மண்டலம் இந்தத் திடீர் வீழ்ச்சிக்குக் காட்டிய எதிர்வினைதான் அந்தத் தலைச்சுற்றலும் கரண்டும். ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற, உடலில் பல நாட்கள் தங்கும் மருந்தில் இது குறைவாகவே தெரியும். காரைக்குடியில் நீங்கள் மாத்திரைக்கு ஏங்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளத் துடிக்கவுமில்லை. போதைக்கு அடிமையானவர் ஐந்து நாள் பயணத்துக்கு அதை மறந்தும் வீட்டில் வைத்துவிட்டுப் போகமாட்டார்.

ஆனால் இதைச் சொல்லி உங்கள் அவதியை ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட மாட்டேன். மருந்தை நிறுத்தும்போது வரும் தொல்லைகள் லேசானவை, ஓரிரு வாரத்தில் போய்விடும் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. சிலருக்கு அவை கடுமையாகவும் நீண்டும் இருக்கக்கூடும் என்று பிரிட்டனின் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி ஒப்புக்கொண்டு தன் நிலைப்பாட்டை மாற்றியது 2019-இல்தான். நோயாளிகள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடிமை என்ற சொல் நம் வீடுகளில் இவ்வளவு எளிதாக வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தூக்கத்துக்காகவும் படபடப்புக்காகவும் கொடுக்கப்படும் அல்பிரசோலம் போன்றவையும் உங்கள் மாத்திரையும் நம் பேச்சில் ஒன்றுதான். இரண்டையும் நரம்பு மாத்திரை என்போம், அல்லது தூக்க மாத்திரை என்போம். என் பெரியம்மாவுக்கு ஒரு மருத்துவர் "நரம்புக்கு" என்று எழுதிக்கொடுத்த அல்பிரசோலத்தை அவர் பதினோரு ஆண்டுகள், பழைய சீட்டைக் காட்டியே, வாங்கிப் போட்டார். அரை மாத்திரை குறைத்தாலும் கை நடுங்கும். அது உண்மையிலேயே மருந்துச் சார்பு. குடும்பத்தில் ஒருவரை அப்படிப் பார்த்தவர்கள் எந்த மாத்திரையைக் கண்டாலும் அஞ்சுவதில் வியப்பில்லை. உங்கள் கணவரின் அச்சமும் இத்தகைய ஒன்றிலிருந்து வந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

காணொளிக்கு வருகிறேன். அது பேசும் ஆய்வு 2022-இல் ஜோவன்னா மொன்கிரீஃபும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்டது என்று ஊகிக்கிறேன். மனச்சோர்வுக்குக் காரணம் மூளையில் செரோட்டோனின் குறைவதே என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. அந்த அளவில் அது சரிதான். "உங்கள் மூளையில் ஒரு ரசாயனம் குறைவு, அதை நிரப்புகிறோம்" என்பது விளம்பரத்துக்கு ஏற்ற எளிய விளக்கமாக இருந்ததே தவிர அறிவியலாக ஒருபோதும் முழுமை பெறவில்லை. ஆனால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம் தவறுவதும், மருந்து வேலை செய்யாமல் போவதும் ஒன்றல்ல. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, 21 மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளை, மொத்தம் 1,16,477 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. எல்லா மருந்துகளும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. அந்த மேன்மை மிதமானதாகவே இருந்தது. இந்த இரண்டாம் பாதியையும் சொல்லாத மருத்துவரை நான் நம்பமாட்டேன், முதல் பாதியைச் சொல்லாத காணொளியையும் நம்பமாட்டேன். லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாகத் தரவேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வழிகாட்டியது. பல் துலக்க முடியாத நிலையில் நீங்கள் மருத்துவரிடம் போயிருக்கிறீர்கள்; அது லேசானதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தகைய காணொளிகள் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஓராண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த மருந்துகள் எழுதித் தரப்படுகின்றன. தேவைக்கு மீறி எழுதுகிறோமோ என்று அவர்கள் கவலைப்படுவது நியாயம். 2015-16-இல் பெங்களூரின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இங்கிலாந்தின் கவலையை அப்படியே இறக்குமதி செய்துகொள்ளும் இடத்தில் நாம் இல்லை.

இந்த வகை மருந்துகளில் விளக்கம் எப்போதுமே பின்னால்தான் வந்திருக்கிறது. 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் வழக்கத்துக்கு மீறிய உற்சாகத்துடன் நடமாடத் தொடங்கினார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. ஈரலைப் பாதித்ததால் இப்ரோனியாசிட் பின்னர் கைவிடப்பட்டது. அதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஐசோனியாசிட் இன்றும் காசநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

அந்த ஐசோனியாசிட்டுக்கு நம் ஊரில் ஒரு கதை உண்டு. 1950-களின் பிற்பகுதியில் சென்னை சேத்துப்பட்டில் இருந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் ஒதுக்கி வைக்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று நிறுவி உலகுக்கே வழிகாட்டியது. அங்கே மருத்துவர்களுக்கு இருந்த பெரிய தலைவலி, உடம்பு தேறியதும் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான். சிறுநீரைச் சோதித்தெல்லாம் கண்காணிக்க வேண்டியிருந்தது. டி.பி. என்ற சொல்லைக் கல்யாணப் பேச்சு முடியும்வரை வீட்டுக்குள் புதைத்து வைத்த காலம் அது. மறைத்துச் சாப்பிடுகிற மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட முடியாது.

உங்களுக்கு நடந்ததும் இதுவே. காரைக்குடியில் உங்களைப் படுத்தியது மாத்திரை அல்ல, மறைப்பு. மாமியாருக்குத் தெரியக்கூடாது என்பதால் கால்சியம் டப்பா, உறவினருக்குத் தெரியக்கூடாது என்பதால் டப்பாவும் வீட்டில், அதனால் மருந்து திடீரென நின்றது, அதனால் தலைச்சுற்றல், தலைச்சுற்றலைக் கண்டு "அடிமையாகிவிட்டாய்" என்ற தீர்ப்பு, அந்தத் தீர்ப்பால் இன்னும் ஆழமாக மறைக்க வேண்டிய கட்டாயம். எனக்குத் தெரிந்தவர்களில் விடுதி அறையிலும் புகுந்த வீட்டிலும் அலுவலகப் பயணத்திலும் இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டு, கடைசியில் "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடித்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். மாத்திரையின் மேல் நம் சமூகத்துக்கு உள்ள சந்தேகத்துக்கான சாட்சிகளில் பாதிப்பேரை அந்தச் சந்தேகமே உருவாக்குகிறது என்று சொல்வேன்.

நம் அச்சத்துக்கும் வேர் இல்லாமல் இல்லை. 1794-இல் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவமனையின் வரலாற்றை நாம் "கீழ்ப்பாக்கம்" என்ற ஒற்றைக் கேலிச் சொல்லாகச் சுருக்கிவிட்டோம். மனநோய் என்றதும் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியின் மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேர் நம் நினைவுக்கு வருகிறார்கள். மாத்திரைச் சீட்டை மடித்து வைக்கும் ஒருவரின் மனத்தில் சங்கிலியின் நிழல் விழத்தான் செய்யும்.

உங்கள் கணவரின் "எனக்கும்தான் மன அழுத்தம் இருக்கிறது" என்ற வாக்கியத்தில் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். மொழியைத்தான் குறை சொல்வேன். வேலைச்சுமையால் வரும் நெருக்கடிக்கும், உங்களுக்கு வந்த நோய்க்கும் நாளிதழ்கள் முதல் மருத்துவமனைப் பலகைகள் வரை மன அழுத்தம் என்ற ஒரே சொல்லைத்தான் புழங்குகின்றன. அழுத்தம் என்றால் தாங்கிக்கொள்ளலாம், தாங்குவது வீரம் என்று தோன்றுவது இயல்பு. மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. அதுவும் ஒரு காப்பி குடித்தால் தீர்ந்துவிடும் என்பது போல ஒலிப்பது வேறு விஷயம். சொல் எதுவானாலும், அவருக்குச் சுமை கூடியிருக்கிறது, உங்களுக்குச் சுமக்கும் தோளே பழுதாகியிருந்தது என்ற வேறுபாட்டை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

சிரிப்பது நீங்கள்தானா என்ற கேள்விதான் எனக்குக் கடினமானது. இரண்டாம் முறை நான் மாத்திரை சாப்பிட்டபோது, நெருங்கிய நண்பரின் இறுதிச்சடங்கில் எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் தெரிந்தது, ஒரு கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பது போலத் தெரிந்தது. அன்றிரவு பழைய கட்டுரையே சரிதானோ என்றுகூட நினைத்தேன். இம்முறை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னேன். இது பலருக்கு வருகிற விளைவுதான் என்றார், அளவைக் குறைத்தார், இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய கடிதத்தைப் படிக்கும்போது அழுதேன். ஆகவே உணர்வு மரத்துப்போகும் என்பது பொய்யான பயம் அல்ல. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது போன்ற, நம் ஊரில் யாரும் வாய்திறந்து சொல்லாத விளைவுகளும் அப்படியே. ஆனால் உங்கள் கடிதத்தில் மரத்துப்போனதன் தடயம் எனக்குத் தெரியவில்லை. அப்பா இறப்பதற்கு முன்பு வகுப்பில் சிரித்தவர் யார் என்று உங்கள் பழைய மாணவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அது உள்ளே இருக்கும். குணமான பின்னும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நெடுநாள் மருந்து சாப்பிட்டு நலமாக இருந்தவர்களைப் பற்றி 2021-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 39 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. இதில் உங்கள் கணவருக்கும் ஒரு வாதம் இருக்கிறது, உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கணவரையும் அழைத்துச் சென்று, காரைக்குடியில் நடந்ததைச் சொல்லி, இந்தக் கேள்வியை இருவரும் சேர்ந்தே கேளுங்கள்.

மாமியாரிடம் சொல்வதா என்பது உங்கள் வீட்டின் காலநிலையைப் பொறுத்தது. அதில் நான் தலையிடமாட்டேன். டப்பாவை மட்டும் இன்றே மாற்றிவிடுங்கள். மாத்திரை அதன் சொந்த அட்டையில், பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி இருக்கட்டும். மூட்டுவலிக்காரர் உள்ள வீட்டில் கால்சியம் டப்பாவை யார் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அன்புடன்.