நூறு வருட அலமாரியா, மாமியாரின் கால்பெட்டியா?

கேள்வி: தக்கலை பக்கம் இருந்த எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, குளச்சலில் புது கான்கிரீட் வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். படுக்கையறையில் பழங்கால மர அலமாரி ஒன்று வைக்க எனக்கு ஆசை. நாகர்கோவிலில் ஒரு கடையில் ‘ஈட்டி (ரோஸ்வுட்) மரம், நூறு வருடம் பழசு, பெல்ஜியம் கண்ணாடி’ என்று சொல்லி 65,000 ரூபாய் கேட்கிறார்கள். கணவர், மாடுலர் போதும் என்கிறார். மாமியாரின் கால்பெட்டியும் (கால் வைத்த மரப்பெட்டி), வலையடித்த பழைய சமையலறை அலமாரியும் மொட்டைமாடி அறையில் சும்மா கிடக்கின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்:

சகோதரி, கடைக்காரர் சொன்ன மூன்றில் உங்களால் சோதித்துப் பார்க்க முடிவது மரத்தை மட்டும்தான். அலமாரிக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பெல்ஜியம் கண்ணாடி விஷயத்தை விட்டுவிடுங்கள், நம் பக்கம் விற்பனைக்கு வருகிற பழைய கண்ணாடி எல்லாமே பெல்ஜியத்தில் பிறந்ததுதான்! ஆகவே வருடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் கொடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்? அந்தக் காலத்து அலமாரிகள் துணியை மடித்து அடுக்குவதற்காகச் செய்தவை. பலவற்றில் உள் ஆழம் ஒன்றேகால், ஒன்றரை அடிதான் இருக்கும். ஹேங்கரில் சட்டையும் சுடிதாரும் குறுக்காகத் தொங்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 22 அங்குலம் வேண்டும், இல்லாவிட்டால் கதவு மூடாது. சேலையை மடித்து வைக்கிற ஆள் நீங்கள் என்றால் கவலையில்லை. அப்புறம் மாடிப்படித் திருப்பத்தையும் அறை வாசலையும் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். மேலே உள்ள கிரீடப் பலகை தனியாகக் கழன்று வருமா என்றும் கேளுங்கள். கழன்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கடைக்குப் பகலில் போங்கள், கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். தெரிந்த ஆசாரி யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. பாலிஷ் அடித்த முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல், இழுப்பறை ஒன்றை முழுசாக வெளியே உருவி, கவிழ்த்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி இருக்கும். கையால் வெட்டிய பற்கள் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். பல் எதுவரை இறங்க வேண்டும் என்று ஆசாரி கீறிய கோடு கூடச் சில சமயம் அப்படியே கிடக்கும். எல்லாப் பற்களும் அச்சு அசலாக ஒரே அளவில் இருந்தால் அது இயந்திர வேலை. அடிப்பக்க விளிம்பு, வருடக்கணக்காக இழுத்து மூடியதில் தேய்ந்து வழவழப்பாகியிருக்க வேண்டும். பலகையின் உள்பக்கம் எங்கும் ஒரே காப்பி நிறத்தில் இருந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உண்மையில் பழகிய மரம் காற்றும் கையும் பட்ட இடத்தில் ஒரு நிறமாகவும், படாத இடத்தில் வேறு நிறமாகவும் இருக்கும்.

முதுகுப் பலகை பிளைவுட்டா என்று பாருங்கள். திருகுகளின் தலையில் நட்சத்திர வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் திருகு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதே 1930களில்தான். ஒன்றிரண்டு இருந்தால் பிறகு ரிப்பேர் செய்திருப்பார்கள், தப்பில்லை. எல்லாமே அப்படி என்றால் நூறு வருடக் கதையை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு விலையைக் குறைத்துப் பேசுங்கள். காரணமில்லாத இடங்களில் ஆணித் துளைகளும் அடைத்த குழிகளும் தெரிந்தால், இடித்த வீட்டின் கதவு, உத்தரங்களை வைத்துப் புதிதாகச் செய்தது. அதுவும் நல்ல மரம்தான், பழைய அலமாரியின் விலைக்கு வாங்கத்தான் கூடாது.

ஈட்டி என்பதிலும் எனக்குச் சந்தேகம். ஈட்டி நல்ல கனம், கருஞ்சிவப்பில் கறுப்பு வரிகள் ஓடும். கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு லேசாகச் சுரண்டிப் பாருங்கள், சாயமென்றால் அடியில் வெளுப்பு தெரிந்துவிடும். நம் மாவட்டத்துப் பழைய வீடுகளில் அயனி, பலா, தேக்கு மூன்றும்தான் அதிகம் புழங்கின. அயனியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். படகு கட்டுகிற மரம் அது, உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலா வெட்டியபோது மஞ்சளாக இருந்து, போகப்போகக் கருஞ்செம்மைக்கு வந்துவிடும். அதைத்தான் பல பேர் ஈட்டி என்று தலையில் கட்டுகிறார்கள். தக்கலைப் பக்கம் போகும்போது பத்மநாபபுரம் அரண்மனைக்குள் ஒரு நடை போய், தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைப் பாருங்கள். வயதான பலாவின் நிறம் கண்ணில் பதிந்துவிடும். (திங்கள்கிழமை போகாதீர்கள், விடுமுறை.)

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதிதான் நிற்கும். ஓரத்தில் உள்ள வெள்ளை, தேக்கில் இருந்தாலும் செதலுக்கும் வண்டுக்கும் தீனி. கால்களின் அடியையும் முதுகுப்பலகையின் கீழ் ஓரத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், தட்டியும் கேளுங்கள். குண்டூசித் துளைகள் இருந்தாலே பயப்பட வேண்டாம். விளிம்பு கறுத்துப்போன துளை பழங்கதை. மாவு போல் புதுத்தூள் உதிர்ந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மருந்து ஏற்றி, அடியில் செய்தித்தாள் விரித்துச் சில வாரம் தூள் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் ஏற்ற வேண்டும்.

குளச்சலில் உப்புக்காற்று வேறு. கீல், பூட்டு எல்லாம் பித்தளையாக இருக்கட்டும். இரும்பு பீரோவிலும் பழமை உண்டு. கோத்ரெஜ் அதைச் செய்யத் தொடங்கியது 1923இல். ஆனால் கடலோரத்தில் அதன் அடித்தகடு துருவேறிப் பாடாய்ப்படுத்தும், உங்களுக்கு வேண்டாம். மர அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, கால்களுக்கு அடியில் கிரானைட் துண்டு வைத்து நிறுத்துங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் உண்டென்றால் மேல்பக்கத்தைச் சுவரோடு பிடித்துக்கட்டுவது அவசியம். ஆடிச் சாரலிலோ ஐப்பசி அடைமழையிலோ கதவு இறுகினால் உடனே இழைப்புளி போட வைக்காதீர்கள். பங்குனி வெயிலில் மரம் சுருங்கும்போது விரல் நுழைகிற சந்து விழுந்துவிடும்.

இனி மாடியில் கிடப்பவை. அந்தக் கால்பெட்டியைத்தான் நான் முதலில் கீழே இறக்குவேன். கட்டிலின் கால்மாட்டில் போட்டால் போர்வை, தலையணை உறை, விசேஷத்துக்கு எடுக்கிற பட்டு எல்லாம் அதில் அடங்கிவிடும். மூடி கையில் விழாதபடி ஒரு தாங்கி மட்டும் பொருத்தச் சொல்லுங்கள். சுரண்டிப் புது பாலிஷ் ஏற்ற வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்து மெழுகு பாலிஷ் தேய்த்தால் போதும். நம் வீடுகளில் தேங்காயெண்ணெய் தடவுகிற வழக்கம் உண்டு. அது காயாது, தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும். ஆசாரி ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால், அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட விடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

வலை அலமாரிக்கு எவர்சில்வர் வலை மாற்றினால் வெங்காயம், பூண்டு, ஊறுகாய் பரணிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அதில் பழைய பெயின்ட் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சின் தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

கணவரிடம் சண்டை வேண்டாம். ஹேங்கர் துணிக்கும் சமையலறைக்கும் அவர் சொல்லும் மாடுலர் சரிதான். அது போக இடமும் ஆசையும் மிச்சமிருந்தால் நாகர்கோவில் அலமாரியை மேலே சொன்னபடி சோதித்து வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காமல், வீட்டில் இறக்கிய பிறகு பாதி என்று பேசிக்கொள்ளுங்கள். பில்லில் ‘ஈட்டி மரம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அயனி அல்லது பலா விலைக்குக் கேளுங்கள்.