ராத்திரிக் காய்ச்சலும் கொண்டை ஊசி வளைவுகளும்

கேள்வி: எங்கள் ஆறு வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். சேலத்தில் கீமோ போட்டுவிட்டு ஏற்காட்டுக்கு வந்துவிடுவோம். ராத்திரியில் காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடிந்ததும் இறங்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். கிருமி பெருகிக்கொண்டேதான் இருக்கும். பெரும்பாலும் கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது சீழ் பிடிக்கக்கூட உடம்பில் அணுக்கள் இருக்காது. பல நேரம் காய்ச்சல் ஒன்றே அறிகுறி.

தெர்மாமீட்டர் ஒருமுறை 101 டிகிரி காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் கிளம்பிவிடுங்கள். அக்குளில் சற்றுக் குறைத்தே காட்டும். ஆசனவாயில் வைக்காதீர்கள், புண்ணாகித் தொற்று ஏறும். ஸ்டீராய்டு சாப்பிடும் நாட்களில் சூடே தெரியாமல் போகலாம். நடுக்கம், கை கால் சில்லிடுதல், துவண்டு கிடத்தல் இருந்தால் தெர்மாமீட்டரை நம்பி உட்காராதீர்கள்.

ரத்த அறிக்கையில் மொத்த வெள்ளணுவை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 1,200, அதில் கிருமியோடு மோதும் நியூட்ரோபில் என்ற வகை 30 சதவீதம் என்றால் கையில் இருப்பது 360தான். 500க்குக் கீழே ஆபத்து.

ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவில் "கீமோ பிள்ளை, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரத்தம் எடுத்த கையோடு, போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று நிறுத்தி வைக்கக் கூடாது.

கீமோ நோட்டும் கடைசி ரத்த அறிக்கையும் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். மூடுபனியில் 20 வளைவு இறங்குவது லேசல்ல. அந்த இரண்டாவது வாரம் மட்டும் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் தங்கிவிடுங்கள்.