லத்தீனோக்களை பிரைமரிக்கு வரவைப்பது எப்படி? கதவு தட்டியவன் அனுபவம்

கேள்வி: அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) பிரைமரி தேர்தலில் அதிகம் வாக்களிப்பதில்லை என்கிறார்களே, அவர்களை எப்படி வரவைப்பது? நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் போட்டால் போதாதா?

நான் இருப்பது டெக்சஸ், சான் அன்டோனியோ. குடியுரிமை கிடைத்த பிறகு வாக்காளர் பதிவு செய்துதரும் தன்னார்வலராகக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பயிற்சி எடுத்துக்கொண்டு, சில தேர்தல்களுக்கு வீடு வீடாகப் போயிருக்கிறேன். எங்கள் கவுண்டியின் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, உச்சரிப்பது ‘பேர்’. "உங்க கவுண்டி பேர் என்ன?" என்று அம்மா போனில் கேட்க, "பேர்" என்று நான் சொல்ல, அந்தப் பேச்சு ரொம்ப நேரம் ஓடியது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நவம்பரில் மட்டும் போட்டால் போதாது. நம் ஊரில் யாருக்கு சீட் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். இங்கே அதையும் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள், அதுதான் பிரைமரி. பல தொகுதிகள் ஏற்கெனவே ஏதாவது ஒரு கட்சியின் பக்கம் சாய்ந்து கிடப்பதால், அந்தக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவருக்கு நவம்பர் பெரும்பாலும் சம்பிரதாயம்தான்.

எங்கள் பக்கத்துக் கதையே போதும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு டெக்சஸின் 28ஆவது தொகுதி, 2022இல் சான் அன்டோனியோவிலிருந்து மெக்சிகோ எல்லையோரம் லாரேடோ வரை நீண்டிருந்த, பெரும்பான்மை லத்தீனோக்கள் வாழும் தொகுதி. 2022இல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் பல காலமாக எம்.பி.யாக இருந்த ஹென்ரி குவேயாரை எதிர்த்து ஜெசிகா சிஸ்னேரோஸ் என்ற இளம் வழக்கறிஞர் நின்றார். ஒருகாலத்தில் குவேயாரின் அலுவலகத்திலேயே பயிற்சி பெற்றவர். மார்ச்சில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் மே மாதம் இரண்டாம் சுற்று. மறு எண்ணிக்கைக்குப் பிறகு குவேயார் ஜெயித்தது 289 ஓட்டில். ஏழரை லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கும் தொகுதியில் அந்தச் சுற்றில் விழுந்தது சுமார் 45,000 ஓட்டு. நவம்பரில் அவர் 13 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் சுலபமாக வந்துவிட்டார். இன்னொரு வேடிக்கை, 2004இல் இதே குவேயார் அப்போதைய எம்.பி. சிரோ ரோட்ரிகஸைப் பிரைமரியில் வீழ்த்தி முதல் தடவை உள்ளே வந்ததும் மறு எண்ணிக்கையில்தான், வெறும் 58 ஓட்டில். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிற கூட்டம்கூட இல்லை.

அப்படியானால் ஏன் வருவதில்லை? "அக்கறை இல்லை" என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், கையில் பட்டியலை வாங்கிப் பார்க்கிறவரை. வேட்பாளர்களின் ஆட்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போவதில்லை. பணமும் ஆளும் குறைவு என்பதால், போன பிரைமரிகளில் ஓட்டுப் போட்டவர்களின் பெயரை வடிகட்டி எடுத்து அவர்கள் கதவை மட்டும் தட்டுகிறார்கள். ஒரே தெருவில் ஓய்வுபெற்ற தாத்தா வீட்டுக்கு ஐந்து பேர் வந்து போவார்கள். எதிர்வீட்டில் 24 வயதுப் பெண்ணிடம் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். போடாததால் கேட்பதில்லை, கேட்காததால் போடுவதில்லை. லத்தீனோ வாக்காளர்களில் இளைஞர்கள் அதிகம், புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களும் அதிகம், ஆகவே அடி அவர்களுக்கே பலமாக விழுகிறது. 2024இல் நாடு முழுக்க வாக்களிக்கத் தகுதியுள்ள லத்தீனோக்கள் சுமார் 3.6 கோடி என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. ஆனால் அந்த மார்ச்சில் டெக்சஸில் இரண்டு கட்சிப் பிரைமரிக்கும் சேர்த்து வந்தவர்கள், எல்லா இனத்தாரும் உட்பட, பதிவான வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஸ்பானிஷில் மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. 1975இல் வாக்குரிமைச் சட்டத்தை விரிவாக்கியபோது இருமொழி வாக்குச்சீட்டு வந்தது, அது பெரிய விஷயம்தான். ஆனால் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழும் மெக்சிகோ வம்சாவளியினர் பலர் வீட்டில் பேசுவதே ஆங்கிலம். ஒரு கதவில் நான் மனப்பாடம் செய்திருந்த ஸ்பானிஷை ஒப்பிக்க, அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "இது என் பாட்டிக்குத்தான் புரியும்" என்றான். பாட்டியைக் கூப்பிட்டான், அது நல்லதாகப் போயிற்று. பேரனையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பாட்டியே சொல்லிவிட்டார்.

இந்த வேலைக்கு முன்னோடி எங்கள் ஊர்க்காரர், வில்லி வெலாஸ்கெஸ். 1974இல் தென்மேற்கு வாக்காளர் பதிவு இயக்கத்தைத் தொடங்கி, ‘உன் ஓட்டே உன் குரல்’ என்ற பொருளில் ஒரு ஸ்பானிஷ் முழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். 1988இல் 44 வயதிலேயே இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் இங்கே மேற்குப் பகுதியில் மழை பெய்தால் தெருக்களில் வெள்ளம் நிற்கும். ஜனநாயகக் கடமை என்று பேசுவதைவிட வடிகால் பற்றிப் பேசினால் ஜனங்கள் காது கொடுப்பார்கள். இன்றைக்கும் அதே கதைதான். டெக்சஸில் ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்), மாவட்ட அரசு வழக்கறிஞர், நீதிபதிகள்வரை கட்சிப் பெயரில் நிற்கிறார்கள். "உங்கள் வாடகைத் தகராறை விசாரிக்கிற நீதிபதியை இதில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்றால், கதவைச் சாத்த வந்தவர் நிற்கிறார்.

பயப்படுகிறவர்களும் உண்டு. டெக்சஸில் கட்சி உறுப்பினராகப் பதிவு செய்யத் தேவையில்லை, பூத்தில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் எந்தக் கட்சி பிரைமரியில் போட்டோம் என்பது பொதுப் பதிவில் ஏறிவிடும். சின்ன ஊரில் கடை வைத்திருப்பவருக்கு அது நிஜமான சங்கடம், சும்மா சமாதானம் சொல்லக் கூடாது. யாருக்குப் போட்டோம் என்பது ரகசியம், எந்தச் சீட்டு வாங்கினோம் என்பது ரகசியம் இல்லை என்று உள்ளபடி சொல்லிவிடுவேன். நவம்பரில் அவர் எந்தக் கட்சிக்கும் போடலாம் என்பதையும்.

மற்ற மாநிலங்களில் விதி வேறு. ஃப்ளோரிடாவில் கட்சியில் பதிவு செய்தவர்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் போடலாம். அமெரிக்க ஆட்சிப்பகுதியான போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர்களுக்கு இது புதிது, தீவின் கட்சிகளே வேறு. படிவத்தில் ‘கட்சி சார்பில்லை’ என்று ஒரு டிக் அடித்துவிட்டால் பெரும்பாலான கட்சிப் போட்டிகளில் அவருக்கு இடமில்லை. ஆகவே அங்கே தேர்தலுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே பேச வேண்டும்.

என் அனுபவத்தில் பலித்தது இவ்வளவுதான்: தெரிந்த முகம் கேட்க வேண்டும், நாளும் இடமும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "மறக்காம போங்க" என்பதைவிட "செவ்வாய் சாயங்காலம் வேலை முடிஞ்சு நூலகத்துக்குப் போறீங்களா, நானும் வரேன்" என்பது வேலை செய்கிறது. முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களில் கவுண்டிக்குள் எந்த மையத்திலும் போடலாம். வாக்களிக்கும் இடத்தில் போனை எடுக்கக் கூடாது, அதனால் பெயர்களைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போகச் சொல்வேன். சீட்டு அவ்வளவு நீளம். அப்புறம், மார்ச்சில் போட்டவரிடம் மே மாதமும் போய்க் கேட்க வேண்டும், அங்கேதான் பாதிப் பேர் நழுவுகிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், மெக்சிகோ வம்சாவளி, ஐம்பது தாண்டியவர், 2022இல்தான் முதல் தடவையாகப் பிரைமரிக்கு வந்தார். அடுத்த தேர்தலுக்குள் அவர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. இப்போது தபால் பெட்டி நிறைய நோட்டீஸ், சாப்பிடும் நேரத்தில் போன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவுத் தட்டல். எல்லாம் உன்னால் வந்த வினை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுகிறார்.