லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரலுக்கு காசு குடுத்து உள்ள போகணுமா, வெளிய நின்னு பாத்தா போதாதா?

மேல ஏற கால்ல தெம்பு இருந்தா கண்டிப்பா உள்ள போங்க. ஏற முடியாதுன்னா கொஞ்சம் யோசிங்க, அதுக்கு ஒரு வழி கீழ சொல்றேன்.

நான் போனப்ப டிக்கெட் 25 பவுண்டு கிட்ட. மச்சினன் அங்கதான் வேலை பாக்கறான், "மாமா, அந்த காசுக்கு எல்லாரும் நம்மாளுங்க கடை இருக்கற ஈஸ்ட் ஹாம் ஏரியாவுக்கு போயி வயிறு முட்ட சாப்பிடலாம், வெளிய ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க போதும்"னான். அவன் சொன்னதுலயும் தப்பில்ல, தேம்ஸ் மேல மில்லேனியம் பிரிட்ஜ்ல நடந்து வந்தாலே கதீட்ரல் உச்சியில இருக்கற அந்த டோம், அதான் குவிமாடம், நேரா கண்ணு முன்னாடி நிக்கும், பைசா செலவில்ல. ஆனா விஷயம் என்னன்னா, வெளிய இருந்து நீங்க பாக்கற டோம் வேற, உள்ள நின்னு அண்ணாந்து பாக்கற டோம் வேற. ரெண்டும் ஒண்ணுன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்.

1666ல லண்டனையே எரிச்ச தீ விபத்துல பழைய கோயில் போனப்புறம் கிறிஸ்டோபர் ரென்னுங்கற கட்டடக் கலைஞர் 1675ல ஆரம்பிச்சு 1710 வரைக்கும் கட்டுனது இது. ஊருக்கே தெரியணும்னா டோம் உயரமா இருக்கணும், சிலுவை உச்சி வரைக்கும் 365 அடி. ஆனா உள்ளயும் அதே உயரம் வெச்சா கீழ நிக்கறவனுக்கு கிணத்துக்குள்ள இருந்து வானத்தை பாக்கற மாதிரி இருக்கும்ல, அதனால மனுஷன் உள்ளுக்கு தாழ்வா ஒண்ணு, வெளிய உயரமா ஒண்ணுன்னு ரெண்டு கட்டிட்டாரு. சரி, உச்சியில கல்லுல ஒரு கூண்டு இருக்கே, சுமார் 850 டன், அதை யாரு தாங்கறது? இந்த ரெண்டுக்கும் நடுவுல கடலைப் பொட்டலத்தை கவுத்து வெச்ச மாதிரி செங்கல்ல ஒரு கூம்பு, அதுதான் தாங்குது. பாரத்துல அடிப்பக்கம் விரிஞ்சிடக் கூடாதுன்னு வண்டிச் சக்கரத்துக்கு பட்டா போடற மாதிரி இரும்புச் சங்கிலி சுத்தியிருக்காங்க. ஊரே போட்டோ எடுக்கற அந்த வெளி டோம் இருக்கே, அது மரச்சட்டத்து மேல ஈயத் தகடு அடிச்ச வெறும் சட்டை.

இதை நான் சொல்லி நீங்க படிக்கறதுக்கும் அந்த இடுக்குல நீங்களே நிக்கறதுக்கும் நெறைய வித்தியாசம். டோமைச் சுத்தி வெளிய நின்னு பாக்கற மாடத்தைத்தான் கேலரின்னு சொல்றாங்க, 376 படியில ஸ்டோன் கேலரி, 528ல உச்சியில கோல்டன் கேலரி, நம்ம மலைக்கோட்டையை விட ஜாஸ்தி. ஸ்டோன் கேலரி தாண்டுனதும் இரும்புல சுருள் படி, ஒரு பக்கம் அந்த செங்கல் கூம்பு, இன்னொரு பக்கம் வெளி டோமோட மரம், கீழ பாத்தா படியோட ஓட்டை வழியா எல்லாம் தெரியும், எனக்கு முன்னாடி போன ஒரு பாட்டி கம்பியை பிடிச்சிக்கிட்டு சர்வ சாதாரணமா ஏறுறாங்க எனக்கு முழங்கால் தந்தி அடிக்குது. உச்சிக்கு கொஞ்சம் முன்னாடி தரையில சின்னதா ஒரு கண்ணாடி இருக்கு, குனிஞ்சு பாத்தா நேரா கோயில் தரை, ஆளுங்க எல்லாம் கடுகு மாதிரி. நான் ஒரு செகண்டுக்கு மேல பாக்கல.

அங்க நின்னப்ப இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. 1940 டிசம்பர் 29 ராத்திரி ஜெர்மன்காரன் போட்ட தீக்குண்டு ஒண்ணு இந்த ஈயத்துல பாதி குத்தி நின்னுருச்சு. உள்பக்கம் விழுந்திருந்தா பூராவும் பழைய மரம், கதை முடிஞ்சிருக்கும். ஈயம் உருகி அது வெளிப்பக்கமா ஸ்டோன் கேலரில விழ, காவலுக்கு இருந்த வாலன்டியருங்க அணைச்சிட்டாங்க. மரத்தை பக்கத்துல பாத்தாதான் எவ்ளோ தப்பிச்சிருக்குன்னு புரியுது.

கீழ நெல்சன், வெல்லிங்டன்னு பழைய போர்த் தளபதிங்க சமாதி எல்லாம் பெருசு பெருசா இருக்கு, எனக்கு ஒண்ணும் பெருசா தோணல. ஜான் டன்னு ஒரு கவிஞர், சவத்துணி போர்த்திட்டு பானை மேல நிக்கற மாதிரி சிலை, அதை மட்டும் விட்டுடாதீங்க, 1666 தீயில பட்ட கருப்பு இன்னும் அந்த பானையில இருக்கு.

அப்புறம் திருச்சிக்காரனா எனக்கு தூக்கிவாரிப் போட்டது பிஷப் ஹீபரோட பளிங்குச் சிலை. அவர் பேர்ல இருக்கற பிஷப் ஹீபர் காலேஜ்ல படிச்சப்ப மூணு வருஷம் அந்த பேரை ஐடி கார்டுல கழுத்துல மாட்டிட்டு திருச்சி புத்தூர்ல திரிஞ்சவன் நான், ஆளு யாருன்னு ஒரு நாள் தேடினதில்ல. கல்கத்தா பிஷப்பா இருந்தவரு, 1826ல தஞ்சாவூர்ல ஈஸ்டர் முடிச்சிட்டு திருச்சி வந்தாரு, ஏப்ரல் 3ம் தேதி காலைல ஆராதனை முடிச்சு வெயில் தாங்காம குளிக்க எறங்குனவரு அப்படியே போயிட்டாரு, வயசு 42. சமாதி நம்மூர் செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுல. அந்த பக்கமா எத்தன தடவை பஸ்ல போயிருக்கேன், தெரிஞ்சிக்க லண்டன் வரைக்கும் போக வேண்டியிருக்கு பாருங்க.

ஏற முடியாதவங்களுக்கு சொன்ன வழி இதுதான், பெரும்பாலும் வார நாள்ல சாயந்தரம் 5 மணிக்கு ஈவன்சாங்னு பாட்டு ஆராதனை, அதுக்கு டிக்கெட் கெடையாது, எந்த மதமானாலும் உக்காரலாம், சுத்திப் பாக்க மட்டும் விட மாட்டாங்க. பாடகர் குழு பாடி நிறுத்துனப்புறமும் சத்தம் டோமுக்குள்ள சுத்திட்டே இருக்கும். டிக்கெட் எடுத்தவங்க மத்தியானமா போனா ஏறி எறங்கிட்டு அதுக்கும் உக்காந்துட்டு வரலாம், நான் அப்படித்தான் செஞ்சேன். ஞாயித்துக்கெழமை டூரிஸ்ட்டுக்கு கெடையாது, ஆராதனை மட்டும்தான். எந்த கேலரி திறந்திருக்குன்னு மொதல்ல வெப்சைட்ல பாத்துக்கோங்க, நான் போனப்ப டோமுக்கு உள்பக்கம் சுத்தி இருக்கற விஸ்பரிங் கேலரியை மூடி வெச்சிருந்தாங்க. ட்யூப்ல சென்ட்ரல் லைன், ஸ்டேஷன் பேரே செயின்ட் பால்ஸ்தான்.

மச்சினன் அடுத்த வாரமே பொண்டாட்டி புள்ளைங்களோட போயிட்டு வந்தான். பத்து வருஷமா பக்கத்து தெருவுலதான் ஆபீஸ்.